தீஜ் நோன்பில் தோழியும் தாய்வீடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடபுலத்துப் பெண்கள் மழைக்காலத்தில் நோற்கும் தீஜ் நோன்பைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் வாசகர்களுக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு விழாவுக்கு அரைப்பக்கம் ஒதுக்கியமைக்கு நன்றி. ஆயினும், 'கணவரின் நீண்ட ஆயுளுக்காக மனைவியர் பட்டினி இருக்கும் நாள்' என்ற ஒரே வரிக்குள் அவ்விழா முழுவதையும் அடக்கிவிட்டதும், மழைக்காலம் ஓய்ந்த பிறகு வரும் கர்வா சௌத் நோன்பில் நிலவைப் பார்க்கும் சல்லடையை இதனோடு சேர்த்து எழுதியதும் எனக்கு வருத்தமளித்தன. கணவரின் பணி காரணமாகப் பதினோரு ஆண்டுகள் ஜெய்ப்பூரில் குடியிருந்து, அண்டை வீட்டுப் பெண்களோடு ஊஞ்சலாடியும் மருதாணி இட்டும் இந்நாள்களைக் கழித்தவள் என்ற உரிமையில் சிலவற்றை எழுதுகிறேன்.

தீஜ் என்றால் திருதியை, அதாவது வளர்பிறை அல்லது தேய்பிறையின் மூன்றாம் நாள். மழைக்காலத்தில் தீஜ் நோன்பு மூன்று முறை வருகிறது. சிராவண மாத வளர்பிறைத் திருதியை ஹரியாலி தீஜ். 2025இல் அது ஜூலை 27 அன்று வந்தது. வெயிலில் காய்ந்து கிடந்த மண் பச்சை பிடிக்கும் நேரமாதலால் அன்று சேலையும் வளையலும் பச்சை. ஜெய்ப்பூரில் பார்வதியின் வடிவான தீஜ் மாதாவின் திருவுருவம் பல்லக்கில் ஏறித் திரிபோலியா வாயில் வழியே ஊர்வலம் வரும். அடுத்த தேய்பிறைத் திருதியை கஜரி தீஜ். ராஜஸ்தானத்துப் பூந்தி நகரத்தார் இதைத்தான் பெரிதாகக் கொண்டாடுகிறார்கள். வேம்புக்குப் பூசை செய்து, நிலவைக் கண்ட பின் சத்துமாவுப் பண்டம் உண்டு நோன்பை முடிப்பார்கள். மூன்றாவது, சிராவணத்தை அடுத்த பாத்ரபத மாத வளர்பிறையில், பெரும்பாலும் விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய நாளில் வரும் ஹர்த்தாலிகா. பீகார், உத்தரப் பிரதேசம், நேபாளம் ஆகிய இடங்களில் சொட்டு நீரும் அருந்தாமல் நோற்கும் கடும் நோன்பு இதுவே.

இந்த ஹர்த்தாலிகா என்ற பெயரிலேயே தோழி இருக்கிறாள். வடமொழியில் 'ஹரித' என்றால் கவர்ந்து செல்லப்பட்டவள். 'ஆலி' என்றால் தோழி. நாரதர் வந்து பேச, இமவான் தன் மகளைத் திருமாலுக்கு மணமுடித்துத் தர இசைந்துவிடுகிறார். சிவனையே மனத்தில் வரித்திருந்த பார்வதி தன் துயரத்தைத் தோழியிடம் சொல்லி அழ, அவள் தந்தைக்குத் தெரியாமல் பார்வதியை அடர்ந்த காட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுகிறாள். அங்கே ஆற்று மணலில் இலிங்கம் பிடித்து, உண்ணாமல் உறங்காமல் பார்வதி நோற்ற நாளே இந்தத் திருதியை. அக்கதையில் அவள் இன்னும் மணமாகாதவள். கணவனின் ஆயுளுக்காக நோற்கவில்லை, தான் விரும்பியவனை அடைவதற்காக, வீட்டார் பேசி முடித்த மணத்தை மறுத்து நோற்கிறாள். மணமாகாத பெண்களும் இந்நோன்பை இருப்பது அதனால்தான். நம் சங்க அகப்பாடல்களில் நொதுமலர் வரைவுக்கு, அதாவது அயலார் பெண் கேட்டு வருவதற்குத் தலைவி கலங்கும்போது அவள் காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்தி அறத்தொடு நிற்பவளும், வேறு வழியில்லாதபோது காதலனோடு செல்லும் உடன்போக்குக்குத் துணை செய்பவளும் தோழியே அல்லவா? முதன்முறை இக்கதையை ஓர் அண்டை வீட்டு அம்மையார் சொல்லக் கேட்டபோது, வேற்று மொழியில் நம் வீட்டுக் கதையைக் கேட்பது போலவே எனக்கு இருந்தது. தங்கள் கட்டுரையில் அந்தத் தோழியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

தாய்வீட்டைப் பற்றியும் இல்லை. ராஜஸ்தானத்தில் தீஜுக்கு முந்தைய நாள் சிஞ்சாரா. அன்று மணமான மகளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அலை போன்ற கோடுகள் கொண்ட லஹரியா சேலை, வளையல், மருதாணி ஆகியவற்றோடு, மாவைக் கொதிக்கும் நெய்யில் ஊற்றித் தேன்கூடு போலப் பொரித்தெடுத்துப் பாகில் நனைத்த கேவர் என்னும் இனிப்பும் வரும். நேபாளத்தில் மகளை அழைத்து வரத் தந்தையோ உடன்பிறந்தவனோ புறப்பட்டுப் போவது வழக்கம். நோன்புக்கு முந்தைய இரவில் 'தர்' எனப்படும் விருந்தை அவள் தன் அம்மா கையால் வயிறார உண்பாள். கர்நாடகத்தில் ஹர்த்தாலிகா திதியிலேயே கௌரி விரதம். மலைமகளே தாய்வீட்டுக்கு வருகிறாள் என்றும், மறுநாள் அவளைக் கயிலைக்கு அழைத்துப்போக மகன் விநாயகர் வருகிறார் என்றும் அங்கே சொல்வார்கள். ஆடி பிறந்தால் புதுமணப் பெண்ணை அழைத்து வந்து ஆடிச்சீர் செய்யும் நம் வழக்கத்தை இவற்றின் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தால், தமிழ் வாசகர் எவருக்கும் தீஜ் அந்நியமாகத் தோன்றியிருக்காது.

பாட்டு இல்லாமல் தீஜ் இல்லை. மிர்சாபூர், காசிப் பக்கத்துக் கஜரி என்னும் மழைக்கால நாட்டுப் பாடல்களில் கருமேகமும் பிரிவும் வரும். நேபாளப் பெண்களோ மாமியார் கொடுமையையும் ஓயாத வேலையையும் வாய்விட்டுப் பாடி ஆடுவார்கள். பலகட்சி ஆட்சி கேட்டு நேபாளத்தில் 1990ஆம் ஆண்டு நடந்த மக்கள் இயக்கத்திற்குப் பின் ஆட்சியாளர்களைக் கேள்வி கேட்கும் பாடல்களும் பெருகின. மற்ற நாள்களில் புகுந்த வீட்டில் வாய் திறக்க முடியாத பெண், அன்று காத்மாண்டுவின் பசுபதிநாதர் கோயில் வளாகத்தில் சிவப்புச் சேலை உடுத்தி ஆயிரம் பேர் நடுவே அதைப் பாடுகிறாள். இதைப் பணிவின் விழா என்று மட்டும் எழுதுவது அவளுக்கு நியாயமாகாது.

எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று பொருளல்ல. கருவுற்றவரும் நீரிழிவு உள்ளவரும் நாள் முழுதும் நீரின்றி இருக்கக் கூடாது. பழமும் பாலும் உண்டு நோற்கலாம் என்று அங்குள்ள முதிய பெண்களே இளையவர்களுக்குச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நேபாளத்தில் தொடர்ந்து வரும் ரிஷி பஞ்சமியன்று, மாதவிலக்கு நாள்களில் நேர்ந்த தீட்டுக்குப் பரிகாரமாக 365 நாயுருவிக் குச்சிகளால் பல் துலக்கி நீராடும் சடங்கு என் மனத்துக்கு ஒருபோதும் ஒப்பவில்லை. உடலின் இயல்பு எப்படிப் பாவமாகும்? இத்தகைய கேள்விகளைத் தங்கள் கட்டுரை எழுப்பியிருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

அடுத்த ஆண்டு இவ்விழாவைப் பற்றி எழுதும்போது மூன்று திதிகளையும் தனித்தனியே குறித்து, நோற்கும் பெண்களிடமே பேசி, அவர்கள் பாடும் பாட்டில் இரண்டடியாவது தமிழில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். சல்லடை வழியே நிலவு பார்ப்பது கர்வா சௌத் வழக்கம், தீஜ் வழக்கமன்று என்ற திருத்தத்தை மட்டும் அதுவரை காத்திராமல் விரைவில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
திருச்சி