லோகோவுக்கு அவசரம் வேண்டாம்: குறும்படம் எடுக்கும் ஒரு தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் குறும்படத்தின் தொடக்கத்தில் ஓடவிட நீங்கள் நால்வரும் சேர்ந்து செய்த குழு லோகோவைப் பார்த்தேன். கூடவே அனுப்பியிருந்த கதையையும் படித்தேன். கதை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பேச்சு நின்றுபோன அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கதவைத் தட்டும் விதத்தை வைத்தே ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக்கொள்கிறார்கள். மெதுவாக மூன்று தட்டு தட்டினால் வெளியே கிளம்புகிறேன் என்று பொருள். ஒரே ஒரு தட்டு என்றால் சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறேன். எட்டு நிமிடத்தில் ஒரு வசனம்கூட இல்லை. முதல் படத்திலேயே இப்படி ஒரு முயற்சிக்குத் துணிந்திருக்கிறீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும்.

நீ கேட்டது லோகோவைப் பற்றி மட்டும்தான். "அக்கா, இது ஓகேவா?" என்று ஒரே வரி. எனக்கு ஒரு வரியில் பதில் வரவில்லை. இதே கேள்வி உள்ள மாணவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த லோகோவை இப்போதைக்கு ஓரமாக வை. படத்தை எடு, எடிட்டிங்கை முடி, அதற்குப் பிறகு லோகோவுக்கு வா.

ஏன் முதலில் லோகோ செய்யத் தோன்றுகிறது என்பது எனக்குப் புரிகிறது. லொகேஷன் உறுதியாகவில்லை, கேமரா எத்தனை நாளுக்குக் கிடைக்கும் என்று தெரியவில்லை, நடிக்கச் சம்மதித்தவர் திடீரென்று போன் எடுப்பதில்லை. அந்த நேரத்தில் முழுதாக முடிந்த ஒரு பொருள் என்று கையில் இருப்பது லோகோதான். அதைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தால் நாமும் ஒரு குழு என்ற நம்பிக்கை வருகிறது. அந்த நம்பிக்கை தேவைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்னும் ஒரு ஷாட்கூட எடுக்காத நிலையில் லோகோவில் வைப்பதற்கு உங்களுடையது என்று எதுவும் இருக்காது. அப்போது கை தானாக, யாரோ ஏற்கெனவே செய்துவைத்த டெம்ப்ளேட்டைத் தேடிப் போகும். தங்க நிற எழுத்து, சிதறும் தீப்பொறி, குறுக்கே ஓடும் நீல ஒளிக்கீற்று, கடைசியில் நெஞ்சை அதிர வைக்கும் ஒரு முரசு. இந்த நான்கும் உன் லோகோவில் இருக்கின்றன. உன் கதையிலோ இவற்றில் ஒன்றுக்கும் இடமில்லை.

உலகம் அறிந்த சில லோகோக்கள் எப்படிப் பிறந்தன என்று பார். அனிமேஷன் படங்கள் எடுக்கும் பிக்ஸார் நிறுவனம் என்றதும் குதித்துக் குதித்து வந்து ஓர் எழுத்தை மிதித்து நசுக்கும் மேசை விளக்கு நினைவுக்கு வரும், இல்லையா? அந்த விளக்கு ஒரு குறும்படத்தின் கதாபாத்திரம். 1986ல் ஜான் லாசெட்டர் இயக்கிய 'லக்ஸோ ஜூனியர்' சுமார் இரண்டு நிமிடப் படம். ஒரு பெரிய விளக்கு, ஒரு குட்டி விளக்கு, ஒரு பந்து, அவ்வளவுதான். விளக்குக்கு முகம் கிடையாது, வசனம் கிடையாது. அசைவை மட்டும் வைத்து அது குழந்தை என்று நம்மை நம்ப வைத்தார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து 1995ல் அவர்களுடைய முதல் முழுநீளப் படம் வந்தபோது அந்தக் குட்டி விளக்கு லோகோவில் குதித்தது. ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ தொடங்கியது 1985ல். அவர்களுடைய லோகோவில் இருக்கும் டோட்டோரோ என்ற உருவம் 1988ல் வந்த படத்தில்தான் பிறந்தது. ராஜ் கபூரின் ஆர்.கே. நிறுவனத்தை எடுத்துக்கொள். 1948ல் அவர்களுடைய முதல் படம் வந்துவிட்டது. ஒரு கையில் வயலின், மறு கையில் சாய்ந்திருக்கும் பெண் என்ற அந்த லோகோ 1949ல் வந்த 'பர்சாத்' படத்துக் காட்சியிலிருந்து எடுக்கப்பட்டது. நர்கிஸும் ராஜ் கபூரும் நின்ற நிலை அப்படியே நிறுவனத்தின் அடையாளமாகிவிட்டது.

எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. சென்னை ஜெமினி ஸ்டுடியோவின் ஊதுகுழல் ஊதும் இரட்டைக் குழந்தைகள் நிறுவனத்தின் பெயரிலிருந்தே வந்தவர்கள். ஜெமினி என்பது இரட்டையரைக் குறிக்கும் மிதுன ராசி, அதனால் இரண்டு குழந்தைகள். பெயருக்கும் உருவத்துக்கும் அவ்வளவு நேரடியான தொடர்பு இருந்ததால்தான் ஒரு முறை பார்த்தவருக்கும் மறக்கவில்லை. உன் குழுவுக்கு அப்படி ஒரு பெயர் இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

பெயருக்கே வருகிறேன், இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நான்கு பேரின் முதல் எழுத்தைச் சேர்த்துப் பெயர் வைத்திருக்கிறீர்கள். யாருடைய எழுத்து முதலில் வருவது என்று இரண்டு நாள் மனவருத்தம் ஓடியதாக நீயே எழுதியிருக்கிறாய். அந்த வருத்தத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதே. இனிஷியல் சேர்த்து வைக்கும் பெயருக்கு உள்ளேயே அந்தச் சண்டை இருக்கிறது. உன் கதை முழுக்கச் சத்தத்தை நம்பி நிற்கிறது, அந்தச் சத்தத்தைப் பதிவு செய்யப் போகிறவர் உங்கள் நால்வரில் ஒருவர் இல்லை. அவர் எழுத்து லோகோவில் கிடையாது. அடுத்த படத்துக்கு வேறு ஒளிப்பதிவாளர் வருவார், அவருக்கும் கிடையாது. நால்வரில் ஒருவர் வேலைக்குப் போய்விட்டால் பெயரிலிருந்து ஓர் எழுத்தைப் பிடுங்குவீர்களா? புதிதாக வருகிறவர் முதல் நாளே தன்னுடைய குழு என்று நினைக்கிற மாதிரி ஒரு பெயர் வேண்டும். நீங்கள் கூடிப் பேசும் இடம், உங்களுக்குள் அடிக்கடி வரும் ஒரு சொல், இந்தக் கதையில் வரும் ஒரு பொருள், எதுவாகவும் இருக்கலாம். முடிவு செய்வதற்கு முன் அதே பெயரில் வேறு தயாரிப்பு நிறுவனம் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பார்த்துவிடு. அப்புறம், படிப்பு முடிந்து பிரிந்த பிறகு இந்தப் பெயரை யார் பயன்படுத்தலாம் என்பதை இப்போதே நால்வரும் பேசி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நட்பாக இருக்கும்போது இதைப் பேசுவது எளிது.

நீளத்தைப் பற்றியும் கறாராகச் சொல்லியாக வேண்டும். உன் லோகோ 18 விநாடி ஓடுகிறது. எட்டு நிமிடப் படம் என்றால் 480 விநாடி. உன் கதையில் தங்கை முதல் முறை கதவருகே வந்து தட்டாமல் திரும்பிப் போகும் இடத்துக்குக்கூட நீ 18 விநாடி ஒதுக்கவில்லை. பல விழாக்களில் படத்தின் நீளம் என்றால் லோகோ, டைட்டில், கடைசியில் ஓடும் பெயர்கள் எல்லாம் சேர்ந்த கணக்கு. ஆஸ்கர் விதியில் குறும்படம் என்பது எல்லாப் பெயர்களும் உட்பட 40 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். மாணவர் போட்டிகளில் எல்லை இன்னும் குறுகலாக இருக்கும். கடைசி நேரத்தில் பத்து விநாடி அதிகமாகிவிட்டது என்று நல்ல ஷாட்டை வெட்டும் நிலை வரக் கூடாது. நான்கு அல்லது ஐந்து விநாடி போதும். நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள் என்றால் ஐந்து விநாடிக்கு 120 ஃப்ரேம். அதில் கடைசி இரண்டு விநாடி எழுத்து அசையாமல் நிற்கட்டும், பார்ப்பவர் பெயரைப் படிக்க வேண்டும்.

தீப்பொறி வேண்டாம் என்பதற்கு ரசனையைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. இணையத்தில் ஏற்றும்போது வீடியோவைச் சுருக்குவார்கள். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் என்ன மாறியது என்பதை மட்டும் சேமிப்பதுதான் அந்தச் சுருக்கத்தின் அடிப்படை. ஆயிரம் பொறிகள் ஆயிரம் பக்கம் பறந்தால் எல்லாமே மாறிக்கொண்டிருக்கும், அதைத் தாங்கும் அளவுக்கு டேட்டா இருக்காது. உன் கணினியில் பளபளத்தது போனில் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். கறுப்பிலிருந்து கருநீலத்துக்கு மெல்ல மாறும் பின்னணியும் அப்படித்தான். சாதாரண 8 பிட் வீடியோவில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், இருட்டான பகுதியில் அந்தப் படிகள் பட்டை பட்டையாகக் கண்ணில் படும். தட்டையான ஒரு நிறமும் தெளிவான ஒரு கோடும் எங்கே ஓட்டினாலும் தாங்கும்.

எழுத்தைத் தமிழிலேயே வைத்திருக்கிறாய், அதற்கு என் தனி அன்பு. மாற்றிவிடாதே. ஆனால் தமிழ் எழுத்துக்கு என்று சில வேலைகள் உண்டு. முதலாவது புள்ளி. பெரிய திரையில் அழகாக இருக்கும் புள்ளி, போனில் சின்னதாகப் பார்க்கும்போது காணாமல் போகும். 'க்' என்பது 'க' ஆகிவிட்டால் பெயரே மாறிப்போகிறது. அதனால் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வை. அடுத்தது 'ழு', 'மூ' போன்ற எழுத்துகள். அவை கோட்டுக்குக் கீழே இறங்கும், இகரத்தின் கொக்கி மேலே ஏறும். இரண்டு வரியாகப் பெயர் வைத்தால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் மோதிக்கொள்ளும். கணினி தரும் இடைவெளியை நம்பாமல் கண்ணால் பார்த்துச் சரிசெய்.

அப்புறம் நீயே கவனித்திருப்பாய், சில எடிட்டிங் மென்பொருள்களில் யூனிகோடு தமிழைத் தட்டினால் 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறி நிற்கும். சிலவற்றில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இல்லாவிட்டால், தமிழைச் சரியாகக் காட்டும் வெக்டர் மென்பொருளில் (படத்தைப் புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாக வைத்திருப்பது) எழுத்தை அமைத்து, அதை வடிவமாக மாற்றி, பின்னணி இல்லாத படமாகக் கொண்டுவந்துவிடு. வெக்டர் மூலத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். போஸ்டர் அளவுக்கு எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் மழுங்காது. எழுத்துருவின் உரிமத்தையும் படித்துப் பார். இலவசம் என்று கிடைப்பதில் பல, சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம். திறந்த உரிமம் உள்ள நல்ல தமிழ் எழுத்துருக்கள் இப்போது இருக்கின்றன. உங்களில் ஒருவருக்குக் கையெழுத்து நன்றாக இருந்தால் அதையும் முயன்று பார்க்கலாம். ட்ரீம்வொர்க்ஸ் லோகோவில் நிலவில் உட்கார்ந்து தூண்டில் போடும் சிறுவனை ராபர்ட் ஹன்ட் என்ற ஓவியர் கையால்தான் வரைந்தார், தன் மகனையே மாதிரியாக வைத்து.

வடிவத்தை முதலில் வெறும் கறுப்பு வெள்ளையில் வரை. பென்சில் போதும். வண்ணம் இல்லாமல் அது நிற்கவில்லை என்றால் வண்ணம் போட்டும் நிற்காது. படத்தின் திரை அளவு என்னவோ அதே அளவில் லோகோவையும் செய்ய வேண்டும். நீங்கள் அகலத்திரையில் எடுப்பதாகச் சொன்னாய், லோகோ 16க்கு 9 அளவில் இருக்கிறது. ஒன்றாக ஒட்டினால் மேலும் கீழும் வெட்டுப்படும். நான்கு ஓரங்களிலும் குறைந்தது 5 சதவீதம் இடம் விடு.

சத்தம். அந்த முரசை எடுத்துவிடு. அமைதியை நம்பி எடுக்கும் படத்துக்கு முன்னால் அப்படி ஒரு ஒலி வந்தால், பார்ப்பவரின் காது அந்த அளவுக்குப் பழகிவிடும். அதற்குப் பிறகு வரும் முதல் கதவுத் தட்டு அவருக்கு எட்டாது. ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவன லோகோவில் வரும் சிங்கம் 1924லேயே திரைக்கு வந்துவிட்டது, அதன் கர்ஜனையை மக்கள் கேட்டது 1928ல்தான். நான்கு ஆண்டுகள் அது சத்தமில்லாமலேயே சிங்கமாக இருந்திருக்கிறது. உங்களுக்கு ஒலி வேண்டும் என்றால் படப்பிடிப்பின்போதே நீங்கள் பதிவு செய்யப்போகும் கதவுத் தட்டுகளில் ஒன்று இருக்குமே. அது உங்கள் சொந்த ஒலி, யாரும் உரிமை கேட்டு வரமாட்டார்கள். இணையத்தில் இலவசம் என்று எடுத்த இசைக்குப் பின்னாளில் உரிமைக் கோரிக்கை வந்து படமே முடங்குவது நடக்கிற விஷயம். மரக்கதவில் மெதுவாக மூன்று தட்டு, திரையில் பெயர், பிறகு படம். இது என் ஆசை, கட்டளை இல்லை. படம் முடிந்த பிறகு உங்களுக்கு இதைவிட நல்லது தோன்றலாம். அது தோன்றுவதற்கு இடம் விட்டு வைக்கச் சொல்கிறேன்.

ஒலிப்பதிவு செய்யும் தம்பியிடம் ஒன்று சொல். ஒவ்வொரு அறையிலும் யாரும் பேசாமல், அசையாமல் ஒரு நிமிட அமைதியைத் தனியாகப் பதிவு செய்யச் சொல். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை ஒட்டுவதற்கு அது இல்லாமல் முடியாது. வசனம் இல்லாத படத்தில் அது இன்னும் முக்கியம். ஒரே கதவை மூன்று தூரங்களிலிருந்து பதிவு செய்யட்டும். அக்காவின் தட்டும் தங்கையின் தட்டும் ஒன்றுபோல் கேட்கக் கூடாது. நடிப்பவர்களே தட்டட்டும்.

லோகோவுக்காக ஒதுக்கிய வார இறுதியில் லொகேஷனைப் போய்ப் பாருங்கள். அந்தக் கதவு எப்படிச் சத்தம் போடுகிறது என்று தட்டிப் பார்த்து எனக்கு எழுது. எடிட்டிங்கின் முதல் வடிவம் தயாரானதும் லோகோ இல்லாமலேயே அனுப்பு. நானும் பொறுமையாக உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா