கோர்யோகாகுவில் பூவைத் தாண்டியும் பார்க்க இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஜப்பானின் ஹகோதாதே நகரைப் பற்றி வந்த பயணக் கட்டுரையில் படங்கள் அருமை. ஆனால் கோர்யோகாகு பூங்காவின் செர்ரிப் பூக்களுக்கு அத்தனை இடம் ஒதுக்கிவிட்டு, அது ஒரு கோட்டை என்பதை மட்டும் 'பழங்காலச் சாமுராய் கோட்டை' என்று ஒரே வரியில் முடித்தது எனக்கு வருத்தமாக இருந்தது.

பழங்காலமெல்லாம் இல்லை. 1854-இல் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் போட்டு ஹகோதாதே துறைமுகத்தைத் திறந்துவிட்ட பிறகு, கடலோரத்தில் இருந்த ஆட்சியாளர் அலுவலகம் கப்பல் பீரங்கிக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதே என்ற பயத்தில், ஊருக்கு உள்ளே தள்ளி 1857-இல் கட்டத் தொடங்கியதுதான் இந்தக் கோட்டை. வடிவமைத்தவர் தகேதா அயாசபுரோ. ஐரோப்பியக் கோட்டைகளைப் பின்பற்றி ஐந்து முனை நட்சத்திரமாக அமைத்தார். ஒரு முனையில் நிற்பவர் அடுத்த முனையின் சுவரை ஒட்டி வரும் எதிரியைச் சுட முடியும், மறைந்து நிற்க இடமே இருக்காது. முனைகளுக்கு இடையில் முன்தடுப்பு மேடுகள் ஐந்து வேண்டும் என்பது திட்டம். பணம் பற்றவில்லை, ஒன்றுதான் எழுந்தது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். ஷோகன் எனப்பட்ட படைத்தலைவர்களின் ஆட்சி கவிழ்ந்து பேரரசரின் புதிய அரசு வந்ததும், பழைய ஆட்சியின் கடற்படைத் தளபதி எனோமோட்டோ தகேஅகி கப்பல்களோடு வடக்கே போய் 1868 இறுதியில் இந்தக் கோட்டையைப் பிடித்தார். ஏழு மாதம் நிறையும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குள் பீரங்கிகள் வளர்ந்துவிட்டன, துறைமுகத்தில் நின்ற புதிய அரசின் கப்பலிலிருந்து சுட்ட குண்டு கோட்டைக்குள் வந்தே விழுந்தது. எனோமோட்டோவின் பக்கம் நின்ற சாமுராய்த் தளபதி ஹிஜிகாதா தோஷிசோ அந்தப் போரில் இறந்தார். தோல்வி உறுதியானபோது எனோமோட்டோ, தன்னிடமிருந்த கடல் சட்ட நூல் தீயில் போய்விடக்கூடாது, நாட்டுக்கு வேண்டும் என்று எதிரணித் தளபதி குரோடா கியோதாகாவுக்கே அதை அனுப்பிவைத்தார். அதே குரோடா பிறகு தலையை மழித்துக்கொண்டு எனோமோட்டோவின் உயிருக்காக மன்றாடினார். 1875-இல் ரஷ்யாவுடன் எல்லை ஒப்பந்தம் பேசி முடித்தவர் இந்த எனோமோட்டோதான். இப்படி ஒரு கதை கையில் இருக்க அதை விட்டுவிடலாமா?

1871-இல் கோட்டைக்கு உள்ளே இருந்த ஆட்சியாளர் அலுவலகத்தை இடித்தார்கள், இடம் ராணுவப் பயிற்சித் திடலானது. அகழியில் உறையும் ஐஸை நககாவா கஹே என்பவர் வெட்டி எடுத்துக் கப்பலில் தெற்கே அனுப்பி விற்றார், அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து வந்த விலை கூடிய ஐஸுக்கு அது போட்டியாக நின்றது. 1914-இல் பூங்காவாகப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நீங்கள் படம் போட்ட அந்தச் செர்ரி மரங்களுக்கு வித்திட்டது யார் தெரியுமா, உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்று! தனது பத்தாயிரமாவது இதழின் நினைவாக ஆயிரக்கணக்கில் நட்டது. ஒரு பத்திரிகையின் இந்த வேலையை இன்னொரு பத்திரிகை சொல்லாமல் விட்டதுதான் எனக்கு ஆற்றவில்லை.

2010-இல் அந்த அலுவலகத்தை மறுபடி கட்டியபோது அகழாய்வையும் பழைய புகைப்படத்தையும் வைத்து, மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மட்டும் எழுப்பினார்கள். தெரியாததை இட்டுக்கட்டி முழுசாக நிரப்பாமல் விட்ட அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அடுத்த இதழில் அரைப் பக்கமாவது இந்த வரலாற்றைப் போடுங்கள். போகிற வாசகர்களுக்கும் ஒன்று: நட்சத்திர வடிவம் தரையிலிருந்து தெரியாது, பக்கத்தில் உள்ள கோபுரத்தில் ஏறினால்தான் தெரியும். ஆனால் அதோடு திரும்பிவிடாமல், உள்ளே போய் அந்த அலுவலகத்தையும் போருக்குத் தப்பிய பழைய தானியக் கிடங்கையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
திருச்சி