குழாயைத் திறந்துவிட்ட கைக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

பிரசவம் முடிந்து இன்று 12ஆம் நாள். உட்கார்ந்து எழுதும் அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது. தலைசுற்றல்தான் இன்னும் முழுவதுமாக விடவில்லை. பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காமல் போன அந்த ராத்திரி என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்ப எழுத மனம் வரவில்லை. பிழைத்துக்கொண்டேன். நன்றி சொல்லத்தான் வந்தேன்.

முதல் நன்றிக்கு உரியவர் இதைப் படிப்பாரா என்று தெரியாது. அவர் பெயரைக்கூட நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. மறுநாள் இரவு வார்டில் பணியிலிருந்த நர்ஸ் அவர்.

ரத்தப்போக்கு அடங்கிய பிறகும் அவ்வப்போது யாராவது வந்து என் அடிவயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். உயிர்போகும் வலி. கதவுச் சத்தம் கேட்டாலே உடம்பு விறைத்துக்கொள்ளும். அழுத்துகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். நல்லதா கெட்டதா, ஒன்றும் விளங்காது. இந்த சிஸ்டர் வந்ததும் வயிற்றைத் தொடவில்லை, என் கையைப் பிடித்தார். தொப்புளுக்குக் கீழே என் விரல்களை வைத்து, அவற்றின் மேல் தம் விரல்களை வைத்து மெல்ல அமுக்கினார். உள்ளே உருண்டையாக, கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது.

"இதுதான் அம்மா உங்கள் கர்ப்பப்பை. இப்படிக் கெட்டியாக இருந்தால் நல்லது. பஞ்சு மாதிரித் தளர்ந்துவிட்டால் உடனே எங்களைக் கூப்பிட வேண்டும்."

நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் திறந்து கிடக்குமாம். சுருங்குகிற தசைதான் அவற்றை இறுக்கி மூடுகிறதாம். அத்தனை பேர் என் வயிற்றில் எதைத் தேடினார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த உருண்டை நடுவில் இல்லை, வலப்பக்கமாக ஒதுங்கியிருந்தது. சிறுநீர்ப்பை நிறைந்து தள்ளுகிறது, அப்படி இருந்தால் கர்ப்பப்பை சரியாகச் சுருங்காது என்றார். சாயங்காலம் சிறுநீர் வெளியேற வைத்திருந்த குழாயை எடுத்ததிலிருந்து எனக்குச் சிறுநீர் பிரியவே இல்லை. தையல் எரியும் என்ற பயம். இதைப் போய் யாரிடம் சொல்வது என்ற கூச்சம் வேறு. அவர் எதையும் கேட்கவில்லை. தோளில் தாங்கி அழைத்துப்போய் உட்காரவைத்தார். தண்ணீர்க் குழாயை நூல்போல ஒழுகும்படி திறந்துவிட்டு, "அவசரமே இல்லை, தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருங்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்த் திரும்பி நின்றுகொண்டார். கதவை முழுக்கச் சாத்தவில்லை. நான் தடுமாறினால் பிடித்துக்கொள்ள, இடுக்கு வழியாக ஒரு கையை மட்டும் உள்ளே நீட்டியபடியே நின்றார். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. பிரிந்தபோது வாய்விட்டு அழுதேன். படுக்கைக்குத் திரும்பியதும் என் கையை மறுபடி எடுத்து வயிற்றில் வைத்தார். உருண்டை நடுவுக்கு வந்திருந்தது.

"இனி நாளுக்கு ஒரு விரல் அளவு கீழே இறங்கும், பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். தினமும் காலையில் அதுதான் எனக்கு முதல் வேலை. பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடித்தால் முன்போல மிரளவில்லை. கர்ப்பப்பை சுருங்குகிற வலி அது. இரவில் உடை நனைய வியர்த்தபோதும், உடம்பு தேக்கிவைத்திருந்த நீர் வெளியேறுகிறது என்று அறிந்திருந்ததால் தூங்க முடிந்தது. பிரசவம் முடிந்த கையோடு ஏறக்குறைய 1 கிலோ இருக்கும் கர்ப்பப்பை, 6 வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே வந்துவிடுகிறது. உடம்பில் வேறு எந்த உறுப்பு இப்படி வளர்ந்து இப்படித் திரும்புகிறது!

ரத்தம் கொடுத்தவர்களே, உங்கள் முகம் எனக்குத் தெரியாது. உங்கள் ரத்தம் என்னுள் ஓடுகிறது. மருத்துவர்களுக்கும், ராத்திரியோடு ராத்திரியாக ஓடி வந்தவர்களுக்கும், குழந்தையை மடி மாற்றி மடி வைத்திருந்தவர்களுக்கும், நான் திரும்பி வருவதற்குள் வீட்டைத் துடைத்துத் துணி மடித்து வைத்தவர்களுக்கும், எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழிக்கும் இந்த ஒரு வரியில் நன்றி சொல்வது போதாது. நேரில் வந்து சொல்வேன்.

இனி பிரசவித்த பெண் யாரைப் பார்க்கப் போனாலும், குழந்தை யார் ஜாடை என்று ஆராயும் முன் அவள் பக்கத்தில் உட்காருவேன். சிறுநீர் பிரிந்ததா, தையல் வலிக்கிறதா, ரத்தப்போக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். அவள் கூச்சப்பட்டால் என் கதையை முதலில் சொல்வேன்.

சிஸ்டர், இன்று காலையிலும் விரல் வைத்துத் தேடினேன். அகப்படவில்லை. எலும்புக்குப் பின்னால் இறங்கிவிட்டது. உங்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றிருந்தது.