வாரம் ஒரு மணி நேரம்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வு பெற்ற கையோடு, பதினைந்து வயதுப் பையன் ஒருவனுக்கு வழிகாட்டியாக இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. மூட்டு வலி குறைந்ததும் நல்ல செய்தி. இங்கே எல்லோரும் நலம்.

'அவனிடம் என்ன பேசுவது?' என்று கேட்டிருக்கிறாய். எத்தனை மாதம் தவறாமல் போக முடியும் என்பதை அதற்கு முன்னால் யோசி. அமெரிக்காவின் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' அமைப்பின் வழிகாட்டிகளையும் பிள்ளைகளையும் பற்றி க்ராஸ்மேன், ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் பலன் அதிகமாக இருந்தது. சில மாதங்களிலேயே முறிந்துபோனவற்றில் பிள்ளைகளின் சுயமதிப்பு குறைந்தே போயிருந்தது. ஏன் என்று யோசித்தால் புரியும். கூடுதல் ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளில் பலர், நம்பிய பெரியவர் ஒருவர் விட்டுப்போனதை ஏற்கெனவே பார்த்தவர்கள். நீயும் பாதியில் நின்றால், குறை தன்னிடம்தான் என்று அவன் முடிவு கட்டிவிடுவான். அடுத்த 12 மாதத்தில் நீண்ட பயணமோ வீடு மாற்றமோ வருமென்றால், உன்னையும் பையனையும் சேர்த்துவைத்த அமைப்பின் பொறுப்பாளரிடம் இப்போதே சொல்லி ஆரம்பத்தைத் தள்ளிப் போடு.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை. இடம் மற்றவர்கள் கண்ணில் படும்படி இருக்கட்டும். உன் வீடு வேண்டாம். முதல் சந்திப்பில் பொறுப்பாளரும் பெற்றோரில் ஒருவரும் கூட இருக்க வேண்டும். அன்றைக்கே ரகசியம் பற்றிப் பேசிவிடு. "நீ சொல்வது என்னோடு இருக்கும். ஆனால் உனக்கு நீயே ஆபத்து செய்துகொள்வாய் என்றாலோ, இன்னொருவருக்குச் செய்வாய் என்றாலோ, யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ, பொறுப்பாளரிடம் சொல்வேன். சொல்வதற்கு முன் முடிந்தவரை உன்னிடம் தெரிவிப்பேன்." அவன் மனம் திறந்த பிறகு இதைச் சொன்னால் துரோகமாகத்தான் தெரியும். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்ற சத்தியத்தை மட்டும் எந்த நாளும் செய்துவிடாதே.

பேச்சு வரவில்லையே என்று முதல் சில வாரங்களில் பதறாதே. எதிரெதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் 'ம்' என்பதற்கு மேல் எதுவும் வராது; அது விசாரணை போல ஆகிவிடுகிறது. கைக்கு வேலை இருக்கும்போதும் பக்கவாட்டில் நடக்கும்போதும் வாய் தானாகத் திறக்கும். சைக்கிள் செயின் மாட்டலாம், செஸ் ஆடலாம், சமைக்கலாம். இரண்டைச் சொல்லி ஒன்றை அவனையே தேர்ந்தெடுக்கச் சொல். 'என்ன செய்யலாம்?' என்று மொட்டையாகக் கேட்டால் 'தெரியல' என்பான்.

பிறகு ஒருநாள் வர மாட்டான். தொடக்க மாதங்களில் இது அடிக்கடி நடப்பதுதான். பெரும்பாலும் அது அலட்சியம் அல்ல, நீ தாங்குவாயா என்ற சோதனை. குறித்த இடத்தில் குறைந்தது அரை மணி நேரம் காத்திரு. "இன்று பார்க்க முடியவில்லை. அடுத்த வாரம் அதே நேரம் இங்கே இருப்பேன்" என்று ஒரு செய்தி அனுப்பு, போதும். மறுவாரம் விளக்கம் கேட்காதே. தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால் பொறுப்பாளர் வீட்டில் விசாரிக்கட்டும், நீ நேரே போய் நிற்காதே.

இலக்கு வைப்பதில்தான் நல்ல மனசுக்காரர்களும் சறுக்குகிறார்கள். முதல் மாதத்திலேயே மார்க், ஒழுக்கம், எதிர்காலம் என்று பட்டியல் போட்டால், திருத்த வந்த இன்னொரு ஆள் என்று உன்னையும் ஒதுக்கிவிடுவான். உறவு பிடித்த பிறகு, அவன் வாயால் சொன்ன ஒன்றை மட்டும் எடு. 'பள்ளிக்கு ஒழுங்காகப் போகணும்' என்பது அளக்க முடியாதது. 'வாரத்தில் மூன்று நாள் முதல் பீரியடுக்குள் உள்ளே இருப்பது' என்பது அளக்கக்கூடியது. அடுத்து, தடுப்பது எது என்று பார். ராத்திரி செல்போன் பார்ப்பதா, தம்பியைக் கிளப்பும் பொறுப்பா, முதல் பீரியடில் யாரோ அவமானப்படுத்துவதா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. டியூஷன் வாத்தியாராக மட்டும் மாறிவிடாதே. படிப்புக்கு உதவி வேண்டுமென்றால் அதற்கு வேறு ஆள் ஏற்பாடு செய்யலாம்.

பெற்றோர் உன்னிடம் 'அவன் என்ன சொன்னான்?' என்று கேட்பார்கள். வந்தான், என்ன செய்தோம், எப்போது முடிந்தது என்பதோடு நிறுத்து. பணம் கடன் கொடுக்காதே, விலையுள்ள பரிசும் வேண்டாம். கொடுக்க ஆரம்பித்தால், அவன் வருவது உனக்காகவா பணத்துக்காகவா என்று இருவருக்குமே தெரியாமல் போகும்.

சாக வேண்டும் போல இருக்கிறது என்ற தொனியில் பேசினால், சுற்றி வளைக்காமல் "தற்கொலை பற்றி யோசிக்கிறாயா?" என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அவன் சொல்வதைப் பதறாமல் காதுகொடுத்துக் கேள், தனியே விடாதே, அங்கிருந்தபடியே பொறுப்பாளரை அழை. சிகிச்சை கொடுப்பது உன் வேலை அல்ல. உரியவரிடம் சேர்ப்பது உன் வேலை.

முடிவையும் முன்பே திட்டமிடு. குறைந்தது ஆறு வாரம் முன்னதாகச் சொல்லி, மீதியுள்ள சந்திப்புகளை அவனோடு சேர்ந்து எண்ணு. கடைசி வாரங்களில் அவன் எரிந்து விழலாம், வராமலும் இருக்கலாம். தான் கைவிடப்படுவதற்கு முன் தானே விலகிக்கொள்ளும் முயற்சி அது. நீ மட்டும் ஒன்றையும் தவறவிடாதே. 'எப்ப வேணும்னாலும் கூப்பிடு' என்று பொதுவாகச் சொல்வதைவிட, பிறகு தொடர்பு உண்டா, எப்படி என்று பொறுப்பாளரோடு பேசித் தெளிவாகச் சொல்வது நல்லது.

முதல் சந்திப்பு முடிந்ததும் எழுது. பையனின் பெயரையோ வீட்டு விவரத்தையோ மட்டும் குறிப்பிடாதே, எனக்கும் அது தெரிய வேண்டியதில்லை.

அன்புடன்,
உன் பழைய நண்பன்