அம்மாவோடு நின்றவர்களுக்கு

பில்பாவோவில் எங்கள் பேட்டையில் இருக்கும் எல்லோருக்கும்,

அம்மா போய் மூன்று வாரம் ஆகிறது. வந்து கையைப் பிடித்துக்கொண்டவர்களுக்கும், சூப் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு மணியடிக்காமல் போனவருக்கும் நன்றி. நீலக் கைப்பிடி போட்ட பாத்திரம், யாருடையது என்று சொன்னால் கொண்டுவந்து தருகிறேன்.

இன்னொரு நன்றி முப்பது வருடமாகப் பாக்கி இருக்கிறது.

சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. அரசியல் வன்முறையில் யார் செத்தாலும் மறுநாள் சதுக்கத்தில் பதினைந்து நிமிடம் வாய் திறக்காமல் நிற்பது அம்மா இருந்த 'ஜெஸ்தோ போர் லா பாஸ்' என்ற அமைதி அமைப்பின் வழக்கமாக இருந்தது. நம் பாஸ்க் நாட்டுக்கு ஸ்பெயினிலிருந்து விடுதலை கேட்டு ஆயுதம் எடுத்த எட்டா அமைப்பு சுட்ட போலீஸ்காரருக்காகவும் நின்றார்கள், செத்தது எட்டாக்காரராகவே இருந்தாலும் நின்றார்கள். அதற்காக அம்மா வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. "அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாளே" என்பார், அவ்வளவுதான்.

1993-ல் எட்டா கடத்திய பொறியாளர் ஹூலியோ இக்லேசியாஸ் சமோராவை விடச் சொல்லி நீல ரிப்பன் வந்தது. சாப்பாட்டு மேசையில் நான் வெட்ட வெட்ட, அம்மா மடித்து ஊசி குத்தி பிஸ்கட் டப்பாவில் போடுவார். அதைச் சட்டையில் குத்திக்கொண்டு ரொட்டி வாங்கப் போகவே அன்றைக்குத் துணிச்சல் வேண்டும்.

1995-ல் தொழிலதிபர் அல்தாயாவைக் கடத்தினார்கள். 341 நாள். வாராவாரம் நாங்கள் 'அஸ்காது', விடுதலை செய் என்று பேனர் பிடித்தால், எதிரே நின்று கத்திய எட்டா பக்கத்து ஆட்களும் பாஸ்க் நாட்டுக்காக அதே சொல்லைத்தான் சொன்னார்கள். ஒருநாள் நல்ல மழை, நாலே பேர். பேனரின் ஒரு முனை அம்மா கையில், மறுமுனை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. மீன்கடைக்காரரே, கடை ஏப்ரனோடு வந்து அதைப் பிடித்தது நீங்கள். எதிர்க்கூட்டத்தில் உங்கள் அக்கா மகன் இருந்தான். நான் கடை ஓரமாக ஒதுங்கி நின்றுதான் பார்த்தேன். உங்களைப் பார்த்துத்தான் அடுத்த வாரம் வந்தேன்.

2011 அக்டோபரில் எட்டா ஆயுதப் போராட்டத்தை நிறுத்தியது. 2013-ல் ஜெஸ்தோவும் வேலை முடிந்தது என்று கலைந்தது. அம்மா அப்புறமும் வீட்டில் இருக்கவில்லை, உணவு வங்கியில் கொண்டைக்கடலை பிரிக்கப் போய்விட்டார். முழங்கால் முடியாமல் போனபோது அவருக்காக ஒரு நாற்காலி போட்டு வைத்தீர்களே, அதற்கும் நன்றி.

அன்றைக்கு எதிரே நின்ற இரண்டு பேரும் அஞ்சலிக்கு வந்திருந்தீர்கள். வாசலோடு போய்விட்டீர்கள், நான் பார்த்தேன். ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள், காபி போடுகிறேன்.

டப்பாவில் இன்னும் ரிப்பன் மிச்சம் இருக்கிறது. வேண்டுமென்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம், மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.