பீரோ சாவி உங்களிடம்தான் இருக்கிறது, தோழர்

அன்புள்ள தோழருக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழாவில் பதினோரு பேர் பேசினார்கள். சிங்கம் என்றார் ஒருவர், எரிமலை என்றார் இன்னொருவர். நீங்கள் சால்வைக் குவியலுக்குப் பின்னால் நெளிந்துகொண்டிருந்தீர்கள். அந்த நீல அட்டை கணக்கு நோட்டைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பா உங்களைத் தம்பி என்பார். முறைப்படி நான் சித்தப்பா என்று கூப்பிட வேண்டியவள். தொழிற்சங்க அலுவலகப் படியேறிய முதல் நாளே, "இங்க எல்லாரும் தோழர்தாம்மா" என்றீர்கள். அந்த 'அம்மா'வை நீங்கள் இன்றுவரை விடவில்லை என்பது வேறு கதை.

அன்று நான் வந்தது அப்பாவின் கிராஜுவிட்டிக்காக, அதாவது வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடைக்காக. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் 23 வருஷம் 8 மாதம் உழைத்தவருக்கு 1,03,500 ரூபாய் என்று ஒரு துண்டுச்சீட்டு கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அதுவே பெரிய தொகை. அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். நீங்கள் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். அடிப்படைச் சம்பளம் 9,000. பஞ்சப்படி 4,000-த்தைச் சேர்க்கவில்லை. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று 26-ஆல் வகுக்க வேண்டியதை 30-ஆல் வகுத்திருந்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருஷம் என்று 1972 கிராஜுவிட்டி சட்டம் சொல்ல, எட்டு மாதத்தை அப்படியே விழுங்கியிருந்தார்கள். அந்த நீல நோட்டில் எழுதிக் காட்டினீர்கள்: 13,000-ஐ 26-ஆல் வகுத்தால் 500, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று அதைப் பதினைந்தால் பெருக்கினால் 7,500, அது 24 வருஷத்துக்கு 1,80,000. பேனாவை என்னிடம் நீட்டி, "நீ ஒரு தடவ போட்டுப் பாரு" என்றீர்கள். நான் சங்கத்தில் சேர்ந்தது அந்தப் பெருக்கலில்தான். மீதி 76,500 வர ஏழு மாதம் ஆனது.

கேட் மீட்டிங்கிலும் நீங்கள் அப்படித்தான். 1936 ஜூலை 30, சவானா மில், பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் செத்த பன்னிரண்டு பேர், மறு வருஷமே சட்டமான எட்டு மணி நேர வேலை, தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா என்று புதுச்சேரியில் எல்லாத் தலைவர்களும் தொண்டை வறளப் பேசுவார்கள். நீங்கள் இரண்டு நிமிஷத்தில் அதை முடித்துக்கொண்டு, "பன்னெண்டு பேர் உசுரக் குடுத்து வாங்குன எட்டு மணி நேரம். ஓவர்டைம் ரெஜிஸ்டர்ல ஏறாம ஒன்பதாவது மணி நேரம் நின்னீன்னா, அத நீயே திருப்பிக் குடுக்குறடா" என்பீர்கள். கைதட்டல் வராது. மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் நாலு பேராவது ரெஜிஸ்டரைக் கேட்டு நிற்பார்கள்.

எல்லாவற்றிலும் உங்களோடு ஒத்துப்போனேன் என்று எழுதினால் பொய். அந்தப் பத்தொன்பது நாள் ஸ்ட்ரைக்கை நீங்கள் முடித்துக்கொண்ட விதம் எனக்கு இன்றும் ஆறவில்லை. தனியாகக் கையெழுத்துப் போட்டால் மாதம் முந்நூறு கூடத் தருகிறோம் என்றது நிர்வாகம். குறைந்தாலும் பரவாயில்லை, லேபர் ஆபீசில் சமரச அதிகாரி முன்னால் தொழிற்தகராறு சட்டத்தின் 12(3) பிரிவில் போடும் ஒப்பந்தம்தான் என்று பிடிவாதமாக நின்றீர்கள். அதுதான் சங்கத்தில் இல்லாதவனையும் நாளைக்கு வேலைக்கு வருகிறவனையும் சேர்த்துக் கட்டும் என்ற உங்கள் வாதம் சரி. அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு சேர்ந்த பெண் பிள்ளைகள் அந்தச் சம்பளத்தைத்தான் வாங்குகிறார்கள், அதுவும் சரி. ஆனால் நம்மோடு வெளியே உட்கார்ந்த இரண்டு ஒப்பந்தத் தொழிலாளிகளைத் திரும்ப எடுக்கவில்லையே தோழர். அவர்களில் ஒருவர் இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் பூ விற்கிறார். உங்களுக்குத் தெரியும். நீங்கள் அங்கேதான் பூ வாங்குகிறீர்கள், வீட்டில் பூ வைத்துக்கொள்ள ஆள் இல்லாதபோதும்.

இப்போது 29 தொழிலாளர் சட்டங்களை நான்காகச் சுருக்கிவிட்டார்கள். பிரிவு எண்கள் மாறிப்போனதால் உங்கள் நோட்டைப் பார்த்துப் புதிதாக ஒன்று எழுத ஆரம்பித்திருக்கிறேன். கையெழுத்து உங்களுடையதைவிட மோசம்.

ஒன்று கேட்க மறந்தேன். பீரோ சாவியை நீங்கள் இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு லேபர் ஆபீசில் பேச்சுவார்த்தை. பழைய ஒப்பந்த ஃபைல் வேண்டும். அது மேல்தட்டா, கீழ்தட்டா? வரும்போது டீ சொல்லி வைக்கிறேன், சர்க்கரை இல்லாமல்.

தோழமையுடன்,
உங்கள் அண்ணன் மகள்