இல்லாத மலைக்கும் மழை வேண்டும்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை, அது முடிந்த கையோடு ஸ்டுடியோ வேலை என்று நாட்கள் ஓடிவிட்டன. அம்மா நன்றாக இருக்கிறார். கட்டுப் பிரித்த மறுநாளே எதிர்வீட்டு மாடியில் காயும் புடவைகளின் நிறத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நீ அனுப்பிய படித்துறை வாட்டர்கலரை அவர் கட்டிலுக்கு எதிரேதான் மாட்டியிருக்கிறேன்.

"இல்லாத ஊரை எதைப் பார்த்துடா வரைகிறாய்?" என்று கேட்டிருந்தாய். ஆறு மாதம் முன்பு கேட்டிருந்தால் எல்லாம் கற்பனைதான் என்று சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

ஒரு வீடியோ கேமுக்காக ஒரு மலைநாட்டை வரையச் சொன்னார்கள். உச்சியில் கோட்டை, சுற்றிலும் செங்குத்துப் பாறைகள். வழக்கம்போலத் தீப்பெட்டி அளவில் பன்னிரண்டு சின்னப் படங்கள் போட்டேன். கறுப்பு, சாம்பல், வெளிர் என்று மூன்றே டோன், நிறம் கிடையாது. அந்த அளவில் கண்ணை இழுக்காத படம், பெரிதாக்கி எவ்வளவு நகாசு செய்தாலும் இழுக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வெறும் கட்டைகளாக மலையை அடுக்கி, பெர்ஸ்பெக்டிவ் சரிபார்த்துவிட்டு, அதன் மேல் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் வரைந்தேன். ஏழு சிகரங்கள், ஒவ்வொன்றின் நுனியிலிருந்தும் ஓர் அருவி. எனக்கே பெருமையாக இருந்தது.

ஆர்ட் டைரக்டர் வெகு நேரம் பார்த்தார். "அழகா இருக்கு. இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அருவி என்றால் அதற்கு மேலே மழை பெய்து சேர ஓர் இடம் வேண்டும். நான் வைத்திருந்ததோ ஊசிமுனை. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அந்த வாரமே செஞ்சிக்குப் போனேன். ராஜகிரிக்கு நாம் கல்லூரி நாளில் ஏறியது நினைவிருக்கும். அப்போது கோட்டையை வரைந்தோம். இந்த முறை பாறையை மட்டும் பார்த்தேன். அந்த உருண்டைப் பாறைகளை யாரும் கொண்டுவந்து குவிக்கவில்லை. மண்ணுக்கடியில் கிரானைட்டின் விரிசல்களில் தண்ணீர் இறங்குகிறது. மூலைகளை இரண்டு மூன்று பக்கமும் தண்ணீர் தின்பதால் அவைதான் முதலில் கரைகின்றன. சதுரமாக இருந்த கல் உருண்டையாகிறது. பிறகு மேல்மண் மழையில் அடித்துப்போக, உருண்டைகள் வெளியே நிற்கின்றன. இது புரிந்த பிறகு பாறை வரைவதே எனக்கு வேறு வேலையாகிவிட்டது. முதலில் விரிசல் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கோடு போட்டுக்கொள்கிறேன், அப்புறம்தான் பாறை. அடிவாரத்தில் செட்டிகுளத்தையும் சக்கரகுளத்தையும் பார்த்தபோது இன்னொன்று உறைத்தது. என் கோட்டையில் இருப்பவர்கள் குடிக்க ஒரு குளம்கூட நான் வெட்டவில்லை.

உச்சியில் காலை ஏழு மணி வரை உட்கார்ந்திருந்தேன். தூரத்து மலைகளை நீலம் பூசிவிட்டால் போதும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நீலம் மட்டும் இல்லை. தூரம் போகப்போகக் கறுப்புத்தான் முதலில் கெடுகிறது. பக்கத்துப் பாறையின் இடுக்கில் இருக்கும் இருட்டு, மூன்றாவது மலையில் கிடையவே கிடையாது. நடுவிலிருக்கும் காற்று முழுக்க வெளிச்சத்தைச் சிதறடித்து அந்த இருட்டின் மேல் போர்த்திவிடுகிறது. திரும்பி வந்து, படத்தில் தூரத்து மலைகள் இருந்த லேயர்களில், அதாவது பின் அடுக்குகளில், கறுப்பை மட்டும் வெளுத்தேன். என் மலைநாடு பத்து மைல் விரிந்தது.

ஃபிரெடெரிக் சர்ச் என்ற அமெரிக்க ஓவியரை உனக்கு நினைவிருக்கிறதா? 1853லும் 1857லும் தென் அமெரிக்கா போய் மலை, மரம், இலை என்று ஓவியக் குறிப்புகள் எடுத்து வந்தார். அவற்றை வைத்து 1859இல் நியூயார்க்கில் 'ஆண்டீஸின் இதயம்' என்ற படத்தைக் காட்சிக்கு வைத்தார். மூன்று மீட்டர் அகலம். மக்கள் 25 சென்ட் கொடுத்து, நாடகத்துக்குக் கொண்டுபோகும் சிறு தூரக்கண்ணாடிகளோடு வந்து பார்த்தார்கள். அந்தக் காட்சியை ஒரே இடத்தில் நின்று பார்க்க முடியாது; பல இடங்களைச் சேர்த்துக் கட்டியது. ஆனால் ஒவ்வோர் இலையும் அவர் கண்ணால் கண்டது. நான் செய்ய ஆசைப்படுவதும் அதைத்தான்.

நான் வரைவது யார் சுவரிலும் தொங்காது. அதைப் பார்த்து முப்பரிமாணத்தில் கட்டுபவர்களுக்கு அது வரைபடம். முப்பது வரைந்தால் ஒன்று நிற்கும். அதில் எனக்கு வருத்தமில்லை. என் பாறையை நம்பி இன்னொருவர் பாறை செய்கிறார் என்பதே நிறைவாக இருக்கிறது. ஆசிரியர் படத்தைக் கண்ணாடியில் திருப்பிப் பார்க்கச் சொல்வாரே, இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் படம் இடவலமாகத் திரும்புகிறது. அழுத்தும்போதெல்லாம் அவர் பின்னால் நிற்பது போலவே இருக்கும்.

சரி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். படித்துறைப் படத்தில் அக்கரை மரங்களும் பனியும் சேரும் இடத்தில் விளிம்பே இல்லை. தாள் ஈரமாக இருக்கும்போதே விட்டாயா, காய்ந்த பிறகு நனைத்து எடுத்தாயா? என் பிரஷ்ஷில் எத்தனை முறை முயன்றும் அது வரவில்லை. தை மாதம் வந்தாயானால் ராஜகிரியில் விடியற்காலை உட்கார்ந்து நேரிலேயே காட்டு. தாளும் வண்ணமும் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்